தனியே செல்லும் உரிமை: சர்ரே மலைச்சாலைகளில் மிதிவண்டி

விடுமுறை நாளொன்றில் ஒருவர் தம் மிதிவண்டியை வெளியே எடுக்கிறார். சென்றடைய வேண்டிய இடமென ஒன்றில்லை. முடிக்க வேண்டிய வேலையுமில்லை. உடன் வருவாரும் இல்லை. நகரின் கடைசித் தெருக்களைத் தாண்டி, ஏற்றமும் இறக்கமுமான புறநகரைக் கடந்து, வேலியோரங்களும் வயல்களும் தொடங்கும் இடம்வரை மெல்லச் சென்று திரும்புகிறார். இதைவிட எளிய இன்பம் வேறென்ன இருக்க முடியும் என்றே நமக்குத் தோன்றும்.

ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்காட்சி உலகில் எங்குமே நிகழ்ந்திருக்க இயலாது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்புகூட அது வசதி படைத்த, உடல் வலுவுள்ள சில இளைஞர்க்கு மட்டுமே வாய்த்த ஒன்று. அதற்கு ஓர் இயந்திரம் வேண்டும், சாலை வேண்டும், அச்சாலையில் செல்லச் சட்டம் இடம்தர வேண்டும், முதலாளி விடுமுறை தரவேண்டும், செல்பவர் பெண்ணாயின் ஏறி அமர்வதற்கேற்ற உடையும் வேண்டும். இவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனிதரால், பலமுறை சச்சரவுகளுக்குப் பின்னரே கிடைத்தவை. இவை அனைத்தும் ஒரே இடத்தில் கூடிவந்ததைக் காண லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள சர்ரே மாவட்டத்தைப் போல் பொருத்தமான நிலம் வேறில்லை எனலாம். ஆகவே இக்கட்டுரையில் நாம் அந்த ஒரு நிலத்தையே பெரிதும் எடுத்துக்கொள்கிறோம்.

*

சர்ரேயின் குறுக்கே கிழக்கு மேற்காக நார்த் டவுன்ஸ் எனப்படும் சுண்ணக்கல் மலைத்தொடர் ஓடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையை மனத்தில் கொண்டு பார்ப்பவர்க்கு இவற்றை மலை என்று அழைக்கவே தயக்கம் வரும். பாக்ஸ் ஹில்லின் உயரம் 224 மீட்டர்; மாவட்டத்திலேயே உயரமான லீத் ஹில் 294 மீட்டர். ஆனால் மிதிவண்டியில் செல்பவருக்கு உயரம் ஒரு பொருட்டன்று. சரிவின் செங்குத்தே பொருட்டு. குறுகிய தூரத்திற்குள் சட்டென ஏறி, சட்டென இறங்கும் நிலம் இது.

இந்நிலத்தின் வழியாகவே லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குச் செல்லும் பழைய சாலை போகிறது. பட்னி, கிங்ஸ்டன், ஈஷர், காப்ஹம், ரிப்ளி, கில்ட்ஃபர்ட் என அதன் ஊர்கள் அடுக்கிவரும். கடற்படை அதிகாரிகளும் மாலுமிகளும் அஞ்சல் மூட்டைகளும் குதிரைவண்டிகளில் அவ்வழியே சென்ற காலத்தில் ஊர்தோறும் குதிரை மாற்றுவதற்கும் பயணிகள் தங்குவதற்கும் விடுதிகள் செழித்திருந்தன. 1838இல் லண்டன் – சௌத்ஹாம்ப்டன் இருப்புப்பாதையின் முதற்பகுதி வோக்கிங் வரை திறக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தவை இரண்டு. நிலையத்தைச் சுற்றி சர்பிட்டன் என்னும் புதிய புறநகர் எழுந்தது. பழைய சாலையோ வெறிச்சோடியது. குதிரைவண்டிகள் நின்றன. விடுதிகள் வாடின. சுங்கம் வசூலித்துச் சாலையைப் பேணிவந்த அறக்கட்டளைகள் வருமானமின்றி ஒவ்வொன்றாகக் கலைந்தன. நாட்டின் கடைசிச் சாலை அறக்கட்டளை 1895இல் முடிவுக்கு வந்தது.

மிதிவண்டிக்காரர்கள் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது இந்தக் கைவிடப்பட்ட சாலைதான். புகைவண்டி நகரத்தைப் புறநகராக நீட்டியது. அதே புகைவண்டி நாட்டுப்புறச் சாலையைக் காலியாக்கியும் வைத்தது. புறநகரின் வாசலில் தொடங்கி ஆளரவமற்ற மலைச்சாலையில் முடியும் அந்த இன்பத்தின் களம் இவ்வாறு உருவானது. அதை யாரும் திட்டமிடவில்லை.

*

இயந்திரத்தின் கதை பலரும் அறிந்ததே. சுருங்கச் சொல்லிச் செல்வோம். 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ், காலால் தரையை உதைத்துச் செல்லும் இருசக்கர வண்டியை ஓட்டிக்காட்டினார். 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தோடு பெடல்கள் இணைந்தன. பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும் என்பதால், வேகம் வேண்டியவர்கள் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். 1870களின் உயரமான முன்சக்கர வண்டி அவ்வாறு பிறந்தது. ஆளுயரத்துக்கு ஏறி அமர்ந்தவர், கல்லொன்று தடுக்கினால் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். இறக்கத்தில் அவ்வாறு விழுவது உயிருக்கே ஆபத்து. நீண்ட பாவாடை அணிந்த பெண்ணோ முதியவரோ அதில் ஏறுவதை எண்ணவும் இயலாது.

அக்காலத்து மிதிவண்டிப் பயணம் தனிமையின் இன்பமாக இருக்கவில்லை என்பதும் நாம் கருதத்தக்கது. கழகங்களின் உறுப்பினர்கள் சீருடை அணிந்து, அணிவகுத்து, தலைவர் ஒருவரின் கட்டளைப்படி சென்றனர். கொம்பூதுவதற்கென்றே ஒருவர் உடன் சென்ற கழகங்கள் பல உண்டு. சாலையில் கல்லெறியும் சிறுவர்களும் சாட்டையை ஓங்கும் வண்டிக்காரர்களும் இருந்த காலத்தில் கூட்டமாகச் செல்வதற்கு நியாயமும் இருந்தது. தனியே, சீருடையின்றி, தன் மனம்போன போக்கில் செல்வது பின்னால் வந்த பழக்கம்.

அதைச் சாத்தியமாக்கியவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1885இல் கவன்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி தம் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். பெடலின் சுழற்சியைச் சங்கிலி மூலம் பின்சக்கரத்துக்குக் கொண்டுசென்றதால், பற்சக்கரங்களின் அளவை மாற்றியே வேகத்தைக் கூட்ட முடிந்தது. பெரிய சக்கரம் தேவையற்றுப்போனது. கால் தரையில் எட்டும் வண்டி என்பதால் அதற்குப் ‘பாதுகாப்பு மிதிவண்டி’ என்றே பெயர் வழங்கிற்று. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், 1887இல் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்பே ராபர்ட் வில்லியம் தாம்சன் அதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது தெரியவந்ததும், டன்லப்பின் உரிமை செல்லாதென ஆயிற்று. உரிமை யாருடையதாயினும் பலன் சாலையில் சென்றவருக்கே கிடைத்தது. எலும்பை உலுக்கிய வண்டி, உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துச் செல்லத்தக்க வண்டியாயிற்று.

அதே 1888ஆம் ஆண்டில் சட்டமும் மாறியது. மிதிவண்டியை வாகனமாகக் கொள்ளலாம் என 1879இலேயே நீதிமன்றம் கூறியிருந்தாலும், அந்தத் தீர்ப்பு ஒருவரைத் தண்டிப்பதற்கே பயன்பட்டது. 1888ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியை நாடு முழுவதற்கும் வாகனமென வரையறுத்தது. பிறரைக் கடக்கும்போது மணியடிக்க வேண்டும் என்ற கடமையோடு, மற்ற வண்டிகளுக்கு இணையாகச் சாலையில் செல்லும் உரிமையும் வந்தது. நம் மிதிவண்டிகளின் கைப்பிடியில் ஒலிக்கும் அந்தச் சிறு மணிக்குப் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது.

*

உரிமை வந்தும் மலை அப்படியே இருந்தது. தொடக்கக்காலப் பாதுகாப்பு மிதிவண்டிகளில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். இறக்கத்தில் கால்களை எடுத்து முன்னால் உள்ள தாங்கிகளில் வைத்துக்கொண்டு, டயரின் மேல் அழுந்தும் ஒற்றைப் பிரேக்கை நம்பி இறங்கவேண்டும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதே வழக்கம். அதை எவரும் இழிவாகக் கருதவில்லை.

இந்த இடர்ப்பாட்டிலிருந்தே பொதுநன்மைகள் சில விளைந்தன. 1878இல் தொடங்கப்பட்டு, 1883இல் மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் எனப் பெயர்பெற்ற அமைப்பு, செங்குத்தான சரிவுகளின் உச்சியில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது. முன்பின் அறியாத சாலையில் தனியே வரும் ஒருவருக்காக, அவரை என்றும் கண்டிராத சிலர் நட்டுவைத்த பலகைகள் அவை. 1886இல் சாலை மேம்பாட்டுச் சங்கம் ஒன்றையும் மிதிவண்டிக்காரர்களே தொடங்கினர். மோட்டார் கார்களுக்காகவே நல்ல சாலை கேட்கப்பட்டது என்னும் பொதுவான எண்ணம் பிழையானது. 1896இல் ஹாரி இங்லிஸ் ஸ்காட்லாந்துச் சாலைகளுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். அதில் சாலைகள் மேலிருந்து பார்த்தபடி வரையப்படாமல், பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாற்போல் ஏற்ற இறக்கக் கோடுகளாக வரையப்பட்டிருந்தன. ஊரின் பெயரைவிட ஏற்றத்தின் அளவே முதன்மை பெற்ற வரைபடம் அது. பின்னர் இங்கிலாந்துக்கும் அத்தகைய கையேடுகள் வந்தன.

1890களில் வார இறுதிகளில் லண்டன் மிதிவண்டிக்காரர்கள் திரளாகச் சென்ற இடம், 20 மைலுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலிருந்த ரிப்ளி. அங்குள்ள ‘ஆங்கர்’ என்னும் பழைய விடுதியை நடத்திய டிபிள் சகோதரிகளின் உபசரிப்பு அவர்களிடையே புகழ்பெற்றிருந்தது. இருப்புப்பாதை கைவிட்ட விடுதிக்கு மிதிவண்டி மறுவாழ்வு தந்தது. 1899இல் சுற்றுலாக் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியிருந்தது.

*

இச்சாலை இலக்கியத்திலும் இடம்பெற்றது. எச். ஜி. வெல்ஸ் என்றதும் நமக்குக் காலயந்திரமும் செவ்வாய்க் கிரகத்தாரும் நினைவுக்கு வருவர். அவர் 1895இல் சர்ரேயின் வோக்கிங்கில் குடியேறி, அங்கேதான் மிதிவண்டியில் தேர்ந்தார். செவ்வாய்க் கிரகத்தார் எந்தெந்த இடங்களை அழிக்கவேண்டும் என்பதை அப்பகுதிச் சாலைகளில் மிதிவண்டியில் சுற்றியே குறித்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே காலத்தில், 1896இல் வெளியான அவருடைய ‘தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்’ என்னும் நாவலே நம் பொருளுக்கு உரியது.

அதன் நாயகன் ஹூப்டிரைவர் பட்னியில் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. ஆண்டுக்கொருமுறை கிடைக்கும் பத்துநாள் விடுமுறையில், ஓட்டப் பழகியதால் கன்றிப்போன கால்களோடு, பழைய வண்டியொன்றில் தனியே தெற்கு நோக்கிப் புறப்படுகிறான். கதையில் பெரிய சாகசம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் பின்னணியை அறிந்தால் அந்தப் புறப்பாட்டின் கனம் விளங்கும். வெல்ஸே சிறுவயதில், 1881 முதல் இரண்டாண்டுகள், சௌத்ஸீ நகரில் துணிக்கடையில் தொழில் பழகி அவதிப்பட்டவர். அக்காலக் கடைச் சிப்பந்திகள் பலர் கடையின் மாடியிலேயே தங்கி, முதலாளியின் விதிகளுக்குட்பட்டு உண்டு உறங்கினர். பதினெட்டு வயதுக்குட்பட்ட சிப்பந்தியை வாரத்துக்கு 74 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாதென்று 1892இல் ஒரு சட்டம் செய்யவேண்டியிருந்தது. பாதுகாப்பே 74 மணிநேரம் என்றால், பாதுகாப்பற்றவரின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு அரைநாள் விடுப்பு கடைச் சிப்பந்திகளின் சட்ட உரிமையானது 1911இல்தான்.

இந்நிலையில், நாள் முழுதும் பிறர் சொற்படி துணி விரித்து மடிக்கும் ஒருவன், தான் விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய வழியில் திரும்பி, விரும்பிய வேகத்தில் செல்வது சாதாரணமன்று. ஹூப்டிரைவர் நழுவி விழுகிறான், பொய் சொல்கிறான், தன்னைக் கனவானாகக் கற்பனை செய்துகொள்கிறான். சாலையில் சந்திக்கும் ஜெஸ்ஸி என்னும் இளம்பெண்ணும் மிதிவண்டியில் தன் வீட்டிலிருந்து தப்பி வந்தவளே. முடிவில் இருவரும் பிரிய, அவன் கடைக்கே திரும்புகிறான். வெல்ஸ் அவனுக்கு அற்புதம் எதையும் வழங்கவில்லை. பத்து நாள்கள் தன் பொழுதுக்குத் தானே எசமானனாக இருந்த நினைவை மட்டும் வழங்குகிறார்.

*

ஜெஸ்ஸி அணிந்திருந்த மாற்றுடை கற்பனையன்று. 1881இல் தொடங்கப்பட்ட பகுத்தறிவு உடைச் சங்கத்தின் தலைவி ஃப்ளோரன்ஸ் ஹார்பர்ட்டன் சீமாட்டி, பெண்கள் தரைபுரளும் பாவாடையைக் கைவிட்டுத் தொளதொளப்பான காற்சட்டை அணியலாம் என்று வாதிட்டவர். சங்கிலியிலும் சக்கரத்திலும் துணி சிக்கிப் பெண்கள் விழுந்த காலத்தில் அது வெறும் நாகரிகத்தைப் பற்றிய வாதமாக இருக்கவில்லை.

1898 அக்டோபர் 27 அன்று அவர் அவ்வுடையில் மிதிவண்டியில் சென்று, ரிப்ளிக்கு அருகிலுள்ள ஆக்கம் ஊரின் ‘ஹாட்பாய்’ விடுதியில் உணவு கேட்டார். அவ்வுடையில் வந்தவரைக் கண்ணியமான உணவறையில் அமர்த்த விடுதித் தலைவி மறுத்து, ஆண்கள் குடித்துப் புகைக்கும் மதுக்கூடத்து அறையைக் காட்டினார். ஹார்பர்ட்டன் வெளியேறினார். வழிப்போக்கருக்கு உணவளிக்க மறுப்பது விடுதிச் சட்டத்துக்கு மாறானது என்ற அடிப்படையில் மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் வழக்கை எடுத்து நடத்தியது. 1899இல் கிங்ஸ்டனில் விசாரணை நடந்தது. உணவு அறவே மறுக்கப்படவில்லை, வேறு அறையில் தர முன்வந்தனர் என்னும் காரணத்தால் விடுதித் தலைவி விடுவிக்கப்பட்டார். வழக்கு தோற்றது.

ஹூப்டிரைவரின் கதை நடப்பதும் ஹார்பர்ட்டன் மறுக்கப்பட்டதும் ஏறக்குறைய ஒரே சாலையில், சில ஆண்டு இடைவெளியில். ஒருவருக்குச் செல்வமில்லை, மற்றவருக்குச் செல்வமும் பட்டமும் இருந்தன. ஆயினும் இருவரும், தனியே செல்வதற்கு உனக்கு என்ன தகுதி என்னும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வடிவில் எதிர்கொண்டனர். சாலை பொதுவானது என்று சட்டம் சொல்லிவிட்டால் மட்டும் அது பொதுவானதாகிவிடுவதில்லை. ஒருவர் சாலையோரத்தில் இறங்கி அமர்ந்து, எவர் முகமும் சுளிக்காமல் ஒரு கோப்பைத் தேநீர் அருந்த முடியவேண்டும்.

*

மலையை எளிதாக்கியவர்களையும் இங்கே நாம் நினைக்கவேண்டும். நூற்றாண்டின் முடிவில் ஃப்ரீவீல் பரவலாயிற்று. இறக்கத்தில் கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. 1902இல் நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர், பின்சக்கரத்தின் அச்சுக்குள் அடங்கும் மூன்று வேகக் கியரைக் கொண்டுவந்தது. ஏற்றம் நம்மிடம் கேட்கும் மொத்த உழைப்பு எந்தக் கியரிலும் குறைவதில்லை. கியர் அதைச் சிறுசிறு தவணைகளாகச் செலுத்த விடுகிறது, அவ்வளவே. வலுவற்றவரும் முதியவரும் மலையேறியது இந்தத் தவணை முறையால்தான்.

ஆனால் இதற்கும் எதிர்ப்பு இருந்தது. பிரான்சின் செயின்ட் எத்தியன் நகரில் பட்டு வணிகராக இருந்த பால் தெ விவி, ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் ‘லெ சைக்ளிஸ்ட்’ இதழை நடத்தி, மலைப்பயணத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று 1930இல் இறக்கும்வரை எழுதியும் செய்துகாட்டியும் வந்தார். பந்தய உலகமோ கியரைச் சோம்பேறிகளுக்கான வசதியாகக் கண்டது. தூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தில் சங்கிலி மாற்றும் கியர் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. வெலோசியோ பயணிகளுக்கு வகுத்த நெறிகளில் நம்மைக் கவர்வது, தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்னும் கருத்துடையது. அவர் காலத்திலும் பார்ப்போர் மெச்சத் தலைகவிழ்ந்து பறந்த வேகப்பிரியர்கள் இருந்தனர். இன்று கைபேசிச் செயலிகள் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் நேரம் குறித்துத் தரவரிசை இடுகின்றன. மெல்லச் செல்வதற்கு அன்றும் ஒரு துணிவு வேண்டியிருந்தது, இன்றும் வேண்டியிருக்கிறது.

*

சாலை மறுபடி கைமாறியது. 1903ஆம் ஆண்டு மோட்டார் சட்டம் கார்களுக்கு மணிக்கு 20 மைல் வரம்பு விதித்திருந்தது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு அவ்வரம்பை நீக்கியது. 1927இல் கிங்ஸ்டன் புறவழிச்சாலை திறக்கப்பட்டு, அதன் இருமருங்கும் வீடுகள் முளைத்தன. 1934இல் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஊர்ப்பகுதிகளில் 30 மைல் வரம்பு கொண்டுவரப்பட்டது. மிதிவண்டிக்காரர்கள் கேட்டுப்பெற்ற நல்ல சாலையிலிருந்தே அவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர்.

அவர்கள் ஒதுங்கிச் சென்ற சிற்றூர்ப் பாதைகளை ஃபிராங்க் பேட்டர்சன் என்னும் ஓவியர் 1893 முதல் ‘சைக்ளிங்’ இதழில் கோட்டோவியங்களாக வரைந்துவந்தார். வேலியில் சாய்த்துவைத்த வண்டி, பக்கத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஒற்றை மனிதர் என்பது அவருக்குப் பிடித்த காட்சி. நாற்பது வயதை எட்டுமுன்பே காலில் ஏற்பட்ட காயத்தால் அவர் மிதிவண்டியை விட நேர்ந்தது. அதன்பின் 1952இல் மறையும்வரை, புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும் பார்த்துத் தம் சஸ்ஸெக்ஸ் பண்ணைவீட்டில் இருந்தே வரைந்தார். தலைமுறைகள் ஏங்கிய பயணங்களைத் தீட்டியவர் தாம் செல்ல இயலாதவராக இருந்தார்.

நிலம் பெருமளவு தப்பியது. பாக்ஸ் ஹில் 1914இல் விலைகொடுத்து வாங்கப்பட்டு நாட்டுக்கு வழங்கப்பட்டது. சர்ரே மலைகள் 1958இல் பாதுகாக்கப்பட்ட எழில்நிலமாக அறிவிக்கப்பட்டன. 2012 ஒலிம்பிக்கில் ஆண்களின் சாலைப் பந்தயம் பாக்ஸ் ஹில்லை ஒன்பது முறை சுற்றிவந்தது.

*

இவ்வரலாற்றின் ஒரு கண்ணி நம் தெருக்களையும் தொடுகிறது. பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து முருகப்பா குழுமம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸ் என்னும் பர்மிங்ஹாம் பெயர் அம்பத்தூரிலிருந்து தமிழகக் கிராமங்கள்தோறும் சென்றது. இங்கே அது உழைப்பின் வண்டி. பால்கேனும் தண்ணீர்க் குடமும் துணிமூட்டையும் சுமந்த வண்டி. வாடகைக் கடையில் ஒரு மணிநேரத்துக்கு எடுத்துக் குரங்குப் பெடல் அடித்த சிறுவர்களே அதைக் காரணமின்றி ஓட்டியவர்கள். காசு கொடுத்து வாங்கிய அந்த ஒரு மணிநேரம் ஹூப்டிரைவரின் பத்து நாள்களுக்கு உறவுடையது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகியபோது, ஆக்கம் விடுதியில் தோற்ற வழக்கு இங்கே வேறொரு விதத்தில் வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அப்பெண்களும் பெரும்பாலும் ஒரு வேலையின் பெயரால்தான் சாலைக்கு வந்தார்கள். நம் ஊரில் தனியே செல்பவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘எங்கே போகிறாய்?’ என்பதே. அன்போடு கேட்பவரும் உண்டு. கணக்குக் கேட்பவரும் உண்டு. ‘சும்மாதான்’ என்று பதில் சொல்லிவிட்டு ஒரு கடைச் சிப்பந்தியோ ஒரு பெண்ணோ மேற்கொண்டு மிதித்துச் செல்ல முடிகிறதா என்பதைக் கொண்டே ஒரு சாலை எவ்வளவு பொதுவானது என்பதை நாம் அளக்கலாம்.